ஸ்லைடு கிட்டாரும் தகர டப்பாவும்: இரண்டே பேர் வாசிக்கும் பங்க் புளூஸ் எப்படி ஒலிக்கிறது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்றொரு பாலைவன நகரம். 1990களில் அங்கிருந்து கிளம்பிய டூ ராக் என்ற குழுவில் இரண்டே பேர். பாப் லாக் ஸ்லைடு கிட்டார் வாசித்துக்கொண்டே பாடினார். தெர்மாஸ் மாலிங், கிடைத்த சாமான்களைக் கொண்டு தானே அமைத்துக்கொண்ட தாளக் கருவிகளை அடித்தார். பேஸ் கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையாது, கடையில் வாங்கிய டிரம் செட்டும் கிடையாது. ஆனாலும் கேட்பவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது. ஏன் தோன்றுவதில்லை என்று புரிந்துகொண்டால் பங்க் ராக்கின் முரட்டு வேகத்தை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையோடு கலந்த பங்க் புளூஸ் என்ற வகையே பாதி புரிந்துவிடும்.

விடை ஒலியின் நீளத்தில் இருக்கிறது. ஸ்லைடு கிட்டாரின் ஸ்வரம் இழுபட்டு, வழுக்கி, நெடுநேரம் நிற்கும். அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் எழுப்பும் ஒலி அடித்த கணமே செத்துவிடும். ஒன்று நீள்கிறது, மற்றது அறுபடுகிறது. அறுபட்ட இடத்தில் நீள்வதற்கு இடம் கிடைக்கிறது. தந்தியின் தடிமன், சூட்கேஸுக்குள் திணிக்கும் துண்டு, ஆம்பின் (ஒலிபெருக்கியின்) குமிழை எவ்வளவு திருப்புவது என்று இனி வரும் எல்லாமே இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

எங்கிருந்து வந்தது?

விரலில் மாட்டிய கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்திமேல் வைத்து நகர்த்தி வாசிப்பது ஸ்லைடு. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த ஒலி அந்நியமாக இருக்காது. அங்கே வாத்தியம் தரையில் கிடக்க, கையில் பிடித்த கட்டை தந்திமேல் வழுக்கிச் செல்கிறது. இங்கே கிட்டார் மார்போடு நிமிர்ந்திருக்க, குழாய் விரலோடு போகிறது. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கிட்டார் தந்தியைக் கத்தியால் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கிட்டார் வாங்க வழியில்லாத பிள்ளைகள் துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, பாட்டிலால் தேய்த்து வாசித்தார்கள். அந்த ஒற்றைத் தந்தி வாத்தியத்துக்கு டிட்லி போ என்று பெயர். பிற்காலத்துப் பெரிய புளூஸ் கலைஞர்கள் பலர் அதில்தான் கைபழகினார்கள்.

கிடைத்ததைத் தட்டித் தாளம் போடும் வழக்கத்துக்குப் பின்னால் கொடிய வரலாறு உண்டு. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் காலனி கொண்டுவந்த சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதற்கே தடை போட்டது. முரசு பறிபோன இடத்தில் கைதட்டலும் தொடைதட்டலும் கால்மிதியும் தாளத்தைக் காப்பாற்றின. 1920களில் மெம்ஃபிஸ் நகரத்தின் ஜக் பேண்டுகள் துணி துவைக்கும் தகரப்பலகையையும் சாராய ஜாடியையும் வாத்தியங்களாக்கி இசைத்தட்டுகளே வெளியிட்டன.

பேஸ் இல்லாமல் வாசிப்பதும் பங்க் கண்டுபிடித்ததில்லை. சிகாகோவின் ஹவுண்ட் டாக் டெய்லர் குழுவில் இரண்டு கிட்டாரும் ஒரு டிரம்ஸும்தான். டெய்லர் வைத்திருந்தது ஜப்பானில் செய்த மலிவு விலைக் கிட்டார். 1971இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிடுவதற்காகவே அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் தொடங்கப்பட்டது. அந்த ஒலியின் கரகரப்பும் கூச்சமின்மையும் பங்க் தலைமுறைக்குச் சொந்த வீட்டுச் சமையல்போல் பிடித்துப்போயின. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸின் கன் கிளப் குழு, பழைய புளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் பாட்டைப் பங்க் வேகத்தில் பாடியது. 1996இல் வடக்கு மிசிசிப்பியின் ஆர். எல். பர்ன்சைட், தம்மைவிட மிகவும் இளைய நியூயார்க் குழுவான ஜான் ஸ்பென்சர் புளூஸ் எக்ஸ்ப்ளோஷனோடு சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார். 1997இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஒயிட் ஸ்ட்ரைப்ஸும் 2001இல் ஓஹையோவின் ஆக்ரனில் தொடங்கிய பிளாக் கீஸும் இருவர் குழு என்ற வடிவத்தை உலகறியச் செய்தன. அவர்கள் வாசித்தது வழக்கமான டிரம் செட்டில். கைவசமிருக்கும் சாமான்களால் தாளம் போடும் கிளை டூ ராக் மாதிரியான குழுக்களுடையது. எனக்கு இந்தக் கிளைதான் அதிகம் பிடிக்கும், காரணம் மேலே சொன்ன ஒலிக்கணக்கு இதில்தான் மிகச் சுத்தமாகத் தெரிகிறது.

கிட்டாரைத் தயார் செய்வது

முதலில் சுருதி. ஆறு தந்திகளையும் அப்படியே மீட்டினாலே ஒரு முழு மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒலிக்கும்படி தந்திகளை மாற்றிக் கூட்டுவதை ஓப்பன் ட்யூனிங் என்பார்கள். நேரான குழாயை ஆறு தந்திக்கும் குறுக்கே வைத்தால் அந்தக் கார்டு அப்படியே மேலே நகரும், ஸ்லைடுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

ஓப்பன் ஜி-க்கு ஆறாம் தந்தியை இ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் தந்தியை இ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். தடித்த தந்தியிலிருந்து படித்தால் டி, ஜி, டி, ஜி, பி, டி. ஓப்பன் டி-க்கு ஆறாம் தந்தி டி, மூன்றாம் தந்தி ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப், இரண்டாம் தந்தி பி-யிலிருந்து ஏ, முதல் தந்தி டி. படித்தால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஓப்பன் டி-யில் ஆதார ஸ்வரம் அடித்தந்தியிலேயே இருக்கிறது. பேஸ் இல்லாத குழுவுக்கு அது பெரிய வசதி, ஆகவே புதிதாகத் தொடங்குபவர் இதையே எடுக்கலாம். ஓப்பன் இ-யும் ஓப்பன் ஏ-யும் தந்தியை ஏற்றிக் கூட்டுபவை. தடித்த தந்தி போட்ட பழைய கிட்டாரில் ஏற்றினால் கழுத்து வளையும், பிரிட்ஜ் பெயரும். அந்தச் சுருதி வேண்டுமானால் இறக்கிக் கூட்டிவிட்டு இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ கவ்வியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓப்பன் ட்யூனிங்கில் மூன்றே இடங்களை நினைவில் வைத்தால் போதும். திறந்த தந்தியும் 12ஆம் ஃபிரெட்டும் ஆதார கார்டு. 5ஆம் ஃபிரெட் நாலாம் கார்டு. 7ஆம் ஃபிரெட் ஐந்தாம் கார்டு. கர்நாடக இசைப் பழக்கத்தில் சொன்னால் ச, ம, ப. மூன்றாம் ஃபிரெட்டில் கிடைப்பது புளூஸின் அந்தத் துயரச் சாயல். அங்கே நிற்காமல் ஆதாரத்துக்கு வழுக்கி இறங்க வேண்டும்.

தந்தி மெலிதாக இருந்தால் குழாய் அதை அமுக்கி ஃபிரெட்டில் இடிக்க வைத்துவிடும். இறக்கிக் கூட்டும்போது தந்தி இன்னும் தளரும். ஓப்பன் ஜி-க்கு 0.012 முதல் 0.054 அங்குலம் வரையுள்ள செட்டும், ஓப்பன் டி-க்கு 0.013 முதல் 0.056 வரையுள்ள செட்டும் ஒத்துவரும். முதல் தந்தியை மட்டும் தனியாக 0.015 அல்லது 0.016 வாங்கிப் போடுபவர்கள் உண்டு. அது பலன் தரும், ஏனென்றால் மெட்டு பெரும்பாலும் அந்தத் தந்தியில்தான் ஓடுகிறது. தந்திக்கும் 12ஆம் ஃபிரெட்டுக்கும் இடையே 2.5 முதல் 3.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் குழாய் ஃபிரெட்டைத் தட்டித் தடதடவென்று கேட்கும். அதற்கு மேல் போனால் விரலால் அழுத்தி ஒரு கார்டுகூடப் பிடிக்க முடியாது. நல்ல கிட்டாரை இதற்காகக் கெடுக்க வேண்டியதில்லை. மலிவான பழைய கிட்டார் ஒன்றை ஸ்லைடுக்கென்றே ஒதுக்கிவிடுவது உத்தமம்.

குழாய் எதுவாக இருக்கலாம்? கண்ணாடி வழவழப்பாகவும் கொஞ்சம் மங்கலாகவும் ஒலிக்கும். பித்தளையும் எஃகும் கூர்மையாகக் கீறும், ஸ்வரமும் கூடுதல் நேரம் நிற்கும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் முக்கால் அங்குலச் செம்புக் குழாய், ஸ்பார்க் பிளக் கழற்றும் நீள சாக்கெட், மருந்து பாட்டில் எல்லாமே புகழ்பெற்ற கைகளில் இருந்திருக்கின்றன. புளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவல் மாட்டு விலா எலும்பில் செய்த ஸ்லைடால்கூட வாசித்திருக்கிறார். 1959இல் மிசிசிப்பியின் கோமோ ஊருக்குப் போன நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ்தான் அவருடைய வாசிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தவர். குழாயின் எடை முக்கியம். சுவர் மெலிந்த குழாய் தந்தியின் அதிர்வைத் தானும் அதிர்ந்து விழுங்கிவிடும். கண்ணாடியில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் பாருங்கள். ஒயின் பாட்டில் கழுத்தை அறுப்பதானால் கீறிய கோட்டில் வெந்நீரும் தண்ணீரும் மாற்றி ஊற்றிப் பிளந்து, விளிம்பை 220 எண் உப்புத்தாளிலும் பிறகு 400 எண்ணிலும் தேய்க்க வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

குழாயைச் சுண்டுவிரலில் மாட்டினால் மற்ற மூன்று விரலும் கார்டு பிடிக்கவும் அடக்கவும் ஓய்வாக இருக்கும். வாசிப்பில் புதியவர் அனைவரும் செய்யும் பிழை ஒன்றே: சாதாரணக் கிட்டாரில் ஃபிரெட்டுக்குப் பின்னால் விரலை வைத்துப் பழகிய கை குழாயையும் அங்கேயே வைக்கிறது, சுருதி தாழ்கிறது. குழாய் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே, அதற்கு இணையாக நிற்க வேண்டும். அடுத்தது அடக்கல். குழாய்க்குப் பின்னால் நட்டுப் (கழுத்தின் தலைமுனை) பக்கமாகக் கிடக்கும் தந்திப் பகுதியும் அதிர்ந்து ஒரு பேய் ஸ்வரத்தை எழுப்பும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே தந்தியில் இலேசாகப் படியவிட்டால் அது நிற்கும். வாசிக்காத தந்திகளை வலக்கை விரல்கள் அடக்க வேண்டும். ஆம்பில் கரகரப்பைக் கூட்டக் கூட்ட இந்த அடக்கலின் தேவையும் கூடிக்கொண்டே போகும், சுத்தமான ஒலியில் மறைந்திருந்த குப்பை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அடித்தளத்தை யார் தாங்குவது?

வலக்கைக் கட்டைவிரல்தான். அடித்தந்தியில் ஒவ்வோர் அடிக்கும் ஒரே ஸ்வரத்தைக் குத்திக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டை எடுக்கும். வடக்கு மிசிசிப்பி மலைப்பகுதி புளூஸ் முழுக்க இந்தக் கட்டைவிரலில்தான் நிற்கிறது. பல பாட்டுகளில் கார்டு மாறவே மாறாது. ஓப்பன் டி-யின் அடித்தந்தி 73.4 ஹெர்ட்ஸ். அது பேஸ் கிட்டாரின் அடித்தந்தியான 41.2 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் என்றாலும், அதே கணத்தில் காலடியில் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) விழுந்தால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கனமான ஒரே அடியாகக் கேட்கும். ஆகவே கட்டைவிரலும் கிக்கும் ஒரே நேரத்தில் விழுவதுதான் இருவர் குழுவின் முதல் பயிற்சி. பத்து நிமிடம் மெட்டே இல்லாமல் அதை மட்டும் செய்து பாருங்கள். பிசகினால் கிட்டாருக்கு அடியில் ஓட்டை விழுந்ததுபோல் உடனே தெரியும்.

அது போதவில்லை என்றால் ஆக்டேவ் பெடல் போட்டு ஒரு ஸ்தாயி கீழே இறக்கிய ஒலியைத் தனி பேஸ் ஆம்புக்கு அனுப்பலாம். பெடலை, ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் வையுங்கள். அதற்குச் சுத்தமான ஒற்றை ஸ்வரம் வேண்டும், கார்டு கொடுத்தால் எதைப் பின்தொடர்வதென்று தெரியாமல் கொப்பளிக்கும். இறக்கிய டி 36.7 ஹெர்ட்ஸ், 8 அங்குல ஸ்பீக்கரில் அது வெறும் காற்றுதான். 12 அல்லது 15 அங்குலம் தேவை. இரண்டு ஆம்பை ஒரே கிட்டாரில் இணைத்தால் எர்த் சுற்றில் ரீங்காரம் வரும். சிக்னல் கம்பியில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும். ரீங்காரத்தை நிறுத்தப் பிளக்கின் எர்த் முள்ளை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது, எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

கிட்டார் ஆம்ப் சிறியதாக இருக்கட்டும். 5 முதல் 15 வாட், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர், முடிந்தால் வால்வு ஆம்ப். சிறிய ஆம்பை முழுக்கத் திருப்பும்போது ஒலி தானே உடைந்து கரகரக்கும். அப்படி உடையும்போது பலத்த பகுதி அமுங்கி, மெலிந்த பகுதி மேலே வருகிறது, ஸ்வரத்தின் வால் நீள்கிறது. ஸ்லைடுக்கு வேண்டியது அந்த வால்தான். அமெரிக்காவில் வாங்கிய ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. 230 வோல்ட் ஊரில் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அன்றோடு முடிந்தது. வால்வு ஆம்பின் உள்ளே பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும், மூடியைத் திறக்காதீர்கள்.

தாளச் சாமான்கள்

எந்தப் பொருளையும் எடுத்துத் தட்டிப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது? அரை வினாடிக்குமேல் நின்றால் அது ஸ்லைடின் இடத்தைப் பிடிக்கும். தட்டியதும் மனம் மயக்கும் நீண்ட மணியோசை கொண்ட தகரம், குழுவில் சேர்ந்ததும் தொல்லையாகிவிடும். இரண்டாவது கேள்வி சுருதி. ரீங்கரிக்கும் தகரத்துக்கு ஒரு சுருதி உண்டு, கிட்டாரின் ஆதார ஸ்வரத்தோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தால் ஒத்துப்போகிறதா என்று தெரியும். ஒத்துப்போகாவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். பின்பக்கம் பட்டையாக இன்சுலேஷன் டேப் ஒட்டினாலோ ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஒட்டவைத்தாலோ ரீங்காரமும் குறையும், சுருதியும் நகரும்.

கிக்குக்குப் பழைய சூட்கேஸ்போல் வாய்ப்பது அரிது. பிளாஸ்டிக் ஓடு வேண்டாம், அழுத்திய அட்டையும் மரச்சட்டமும் கொண்ட பழங்காலத்து வகை வேண்டும். 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம், 18 முதல் 20 சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதிய காற்று உள்ளே இருக்கும். சாதாரண பேஸ் டிரம் பெடல் டிரம்மின் வளையத்தைக் கவ்விப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. சூட்கேஸுக்கு வளையம் கிடையாதே! ஆகவே 30 சென்டிமீட்டர் நீளம், 12 மில்லிமீட்டர் கனமுள்ள மரச்சட்டம் ஒன்றைக் கீழ் விளிம்பில் திருகி முடுக்கி, பெடலை அதைக் கவ்வ வையுங்கள். பீட்டர் (பெடலின் அடிகோல்) விழும் இடத்தில் உள்பக்கமாக உள்ளங்கை அளவு மெல்லிய பிளைவுட் துண்டு ஒட்டுங்கள், இல்லையேல் அட்டை சில நிகழ்ச்சிகளிலேயே குழிந்து கிழியும். நட்ட நடுவில் அடிப்பதைவிடக் கொஞ்சம் தள்ளி அடித்தால் ஒலி தடித்துக் கேட்கும். உள்ளே ஒரு குளியல் துண்டை மடித்துப் போட்டால் ‘தொம்ம்’ என்பது ‘தொப்’ என்றாகும். இரண்டு துண்டு போட்டால் உயிரே போய்விடும். மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து மொத்தையாக ஒலிக்கும், அப்போது துண்டை எடுத்துவிடுங்கள்.

மிதிக்க மிதிக்க சூட்கேஸ் முன்னால் ஓடும். எல்லாருக்கும் ஓடும். கீழே தடித்த தரைவிரிப்பு, அதில் சூட்கேஸின் முன் விளிம்புக்கு முட்டுக்கொடுக்கும் மரத்துண்டு, வாசிப்பவரின் நாற்காலியும் அதே விரிப்பின்மேல். அவர் எடையே நங்கூரமாகிவிடும்.

ஸ்னேருக்கு, அதாவது அடியில் கம்பி அதிரும் சிறு டிரம்முக்கு, பல வழிகள். 20 லிட்டர் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டால் நடுவில் கனமான அடியும் விளிம்பில் ‘டக்’கென்ற வெடிப்பும் கிடைக்கும். ஆனால் வாய் முழுவதும் தரையில் பதிந்திருந்தால் உள்ளே காற்று அடைபட்டு மூச்சுத் திணறும், ஒரு பக்கத்தில் விரற்கடை உயரத்துக்கு முட்டு வையுங்கள். பிஸ்கட் தகரத்தின் மேல் மெல்லிய சங்கிலியைத் தளர்வாகப் போட்டு அடித்தால் ஸ்னேர் கம்பிகளின் ‘ஸ்ஸ்’ கிடைக்கும். வெறும் அட்டைப்பெட்டியும் கைகொடுக்கும். 1957இல் பட்டி ஹாலியோடு கிரிக்கெட்ஸ் குழு பதிவு செய்த ‘நாட் ஃபேட் அவே’ பாட்டில் ஜெர்ரி அலிசன் தட்டியது அட்டைப்பெட்டியைத்தான். பிரஷ் அல்லது மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய கோல் கொண்டு அடித்தால் பெட்டி நாள்பட உழைக்கும்.

மேலே மின்னுவதற்குச் சிம்பல் தேடாதீர்கள், சிம்பலின் நீண்ட சீறல் ஸ்லைடின் மேல் ஸ்வரங்களோடு ஒரே இடத்தில் மோதும். அதற்குப் பதில் விரல்களில் தையல் விரற்கவசம் மாட்டி வரிவரியான தகரப்பலகையைக் கீறலாம், பானத் தகர மூடிகளைக் குச்சியில் தளர்வாகக் கோத்துக் குலுக்கலாம், எண்ணெய் டப்பாவில் கால் பங்கு உலர்ந்த பருப்பு போட்டு மூடி ஆட்டலாம். தகரத்தை வெட்டினால் விளிம்பை மடக்கித் தட்டி, அரம் போட்டு மழுங்கடித்த பிறகே கையில் எடுக்க வேண்டும். மூடிய அறையில் தகரமடிப்பது காதுக்குக் கடுமையானது. காதடைப்பான் இருவருக்கும் அவசியம்.

டிரம்ஸ் ஆள் கைகளை மட்டும் பயன்படுத்த, கிக்கைக் கிட்டார் வாசிப்பவரே காலால் தட்டும் ஏற்பாடும் உண்டு. அதற்கு ஸ்டாம்ப் பாக்ஸ். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் சுமார் 30க்கு 25 சென்டிமீட்டர், 7 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி. மேல்பலகையின் அடியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, அதிர்வை மின்சிக்னலாக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்றை எபாக்சியால் ஒட்டுங்கள். நடு வெள்ளைப் பகுதியில் சிக்னல் கம்பி, பித்தளை விளிம்பில் எர்த். கம்பி உறையிட்டதாக இருக்கட்டும். பற்றவைக்கும்போது ஒன்றிரண்டு வினாடிக்குமேல் சூடு காட்டினால் வெள்ளிப் பூச்சு உரிந்து தகடு வீணாகும். ஒட்டியபின் அதன்மேல் சூட்டுப்பசையை மொத்தமாக ஊற்றினால் ‘டிங்’ என்ற கீச்சு அடங்கும்.

இதைச் செய்தவர்களில் பாதிப் பேர் நேராக மிக்சரில் செருகி, ‘டிக்டிக்’கென்று நகம் தட்டுவதுபோல் வருகிறதே என்று கைவிடுகிறார்கள். பிழை பெட்டியில் இல்லை. இந்த அளவுள்ள பீசோ தகட்டின் மின்தேக்கம் ஏறக்குறைய 20 நானோஃபாரட். மிக்சரின் லைன் இன்புட் 10 கிலோஓம் என்றால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும், நமக்கு வேண்டிய 60 முதல் 80 ஹெர்ட்ஸ் அதில்தான் போகிறது. கிட்டார் அல்லது பேஸ் ஆம்பின் 1 மெகாஓம் இன்புட்டில் செருகினால் தேய்வு 8 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் தொடங்கும், அடி முழுசாக வரும். மிக்சருக்கே போக வேண்டுமானால் நடுவில், சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வையுங்கள். ட்ரெபிளை முழுக்க இறக்கி, 400 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தால் அட்டைப்பெட்டி வாடை போகும். மேடைத் தரையின் அதிர்வைப் பெட்டி உள்வாங்கி ஊளையிட்டால் அடியில் தடித்த ஃபோம் விரித்துச் சரிசெய்யலாம்.

குரல்

இந்த இசையில் குரல் தொலைபேசியில் பேசுவதுபோல் கேட்பது வெறும் வேடிக்கைக்காக என்று நினைக்க வேண்டாம். பாப் லாக் பிறகு தனியாளாக வாசித்தபோது ஹெல்மெட்டில் தொலைபேசி ரிசீவரைப் பொருத்திக்கொண்டு பாடினார். அப்படி அவர் செய்த ‘ஸ்கூல் பஸ்’ 1998இலும் ‘டிரைக்’ 1999இலும் மிசிசிப்பியின் ஃபேட் பாசம் நிறுவனத்தில் வந்தன. தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள குரலை மட்டுமே கடத்தும். கீழே கிக்குக்கும் மேலே தகரத்துக்கும் இடம் அப்படியே காலியாகக் கிடைக்கிறது. செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய ரிசீவரில் வாய்ப்பக்கம் இருக்கும் கார்பன் குடுவைக்கு நேர்மின்சாரம் ஊட்டினால்தான் வேலை செய்யும். காதுப்பக்கம் இருக்கும் காந்தக் குடுவைக்கு எதுவும் வேண்டாம். அதைக் கழற்றி வாய்ப்பக்கம் வைத்து, ஜாக் பற்றவைத்து, சிறிய ஆம்பில் செருகினால் மைக் தயார்.

இருவரும் சேரும்போது

புளூஸின் 12 அளவு (ஒவ்வொன்றும் நாலு அடி) அமைப்பு தெரிந்திருப்பது நல்லது: ஆதார கார்டு 4, நாலாம் கார்டு 2, ஆதாரம் 2, ஐந்தாம் கார்டு 1, நாலாம் கார்டு 1, ஆதாரம் 2. ஆனால் பழைய தனியாள் புளூஸ் கலைஞர்கள் பாட்டு கேட்டபோது பதினொன்றரை அளவிலோ பதிமூன்றிலோ திரும்பினார்கள். இருவர் குழுவுக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு, சொல்லிக்கொள்ள வேண்டிய ஆள் ஒருவர்தானே. தாளக்காரர் எண்ணுவதை விட்டுவிட்டுக் குழாயின் போக்கைப் பார்க்க வேண்டும். அது 12ஆம் ஃபிரெட்டுக்கு ஏறினால் சுற்று முடியப் போகிறது என்று பொருள். இருவரும் எதிரெதிராக அமர்ந்தால் இது எளிது, இருவரும் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தால் நடக்காது.

பொதுவாக நேரும் கோளாறு, இருவரும் எல்லா நேரமும் எல்லாவற்றையும் வாசிப்பது. பயம்தான் காரணம், ஆள் குறைவு என்று வெற்றிடத்தை அடைக்கிறார்கள். குழாய் ஸ்வரத்தை இழுக்கும்போது தகரம் நிற்கட்டும், கிக் மட்டும் போகட்டும். கிட்டார் வாய்மூடும் இரண்டு அடியில் தகரம் பொரிந்து தள்ளட்டும். முதல் பல்லவிக்கு வாளி மட்டும், இரண்டாவதற்குச் சங்கிலித் தகரமும் சேர்ந்து, கடைசியில் எல்லாம் என்று ஏற்றிக்கொண்டு போனால் மூன்று நிமிடப் பாட்டுக்குப் போதும்.

ஒரே மைக்கில் பதிவு செய்வதானால் குமிழைத் திருகுவதைவிட ஆட்களை நகர்த்துங்கள். சூட்கேஸிலிருந்து ஒன்றரை மீட்டரில், மார்பளவு உயரத்தில் மைக்கை நிறுத்தி, தாளம் மட்டும் முதலில் சரியாக விழுகிறதா என்று கேளுங்கள். பிறகு ஆம்பை மைக்கின் எதிர்ப்பக்கம் வைத்து, அரை மீட்டர் அரை மீட்டராக நெருக்கிக்கொண்டு வாருங்கள். ஸ்வரத்தின் வால் அடுத்த தகர அடி வரை கேட்க வேண்டும், அதைத் தாண்டி அதை மூடக் கூடாது. மூடினால் ஆம்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் குறைக்க வேண்டியது ஆம்பின் கெயின் (கரகரப்பின் அளவு), வால்யூம் அப்படியே இருக்கட்டும்.